சாலேம்விளைக் கோயில்மணி அழுத கதை

சாலேம்விளைக் கோயில்மணி ஒப்பாரி வைக்கத் தொடங்கியது, திர்சாவை அடக்கம் பண்ணியதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு முதல் மணி அடிக்கிற நேரத்தில். அதுவரைக்கும் அந்த மணி, சீமையிலே வார்க்கப்பட்டு, கப்பலேறி வந்து, தேரி மணலில் வண்டிச்சக்கரம் புதைந்து, ஊர் ஆண்கள் மொத்தமும் தோள்கொடுத்துக் கோபுரத்தில் ஏற்றிவைத்த நாள் முதலாக, பிறந்த ஊரில் கற்றுக்கொண்டு வந்த ‘டாண்’ என்கிற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. கல்யாணத்துக்கும் டாண், சாவுக்கும் டாண், பிஷப் வந்தாலும் டாண், புயல் வந்தாலும் டாண் என்று, கமிட்டியில் எதற்கும் கையைத் தூக்குகிற உறுப்பினரைப் போல மரியாதையாக இருந்துவந்தது. அன்றைக்குக் கோயில்குட்டியார் பொன்னுத்துரை, அதாவது மணியடிக்கவும் பெஞ்சு துடைக்கவும் கல்லறைக்குக் குழி வெட்டவும் எல்லாரிடமும் திட்டு வாங்கவும் அந்தச் சபை வைத்திருந்த ஒரே ஆள், கயிற்றை இழுத்தபோது மேலிருந்து வந்தது டாண் இல்லை. தொண்டை கட்டின ஒரு பொம்பளையின் குரல்.

“செம்மண்ணுத் தேரியில செருப்பில்லாமப் போனவளே,
சூடு பொறுக்காம எந்தோளு ஏறினவளே...”

கயிற்றில் பூனை கீனை மாட்டிக்கொண்டதோ என்று பொன்னுத்துரை அண்ணாந்து பார்த்தார். பூனை இல்லை. மறுபடி இழுத்தார்.

“எந்தச் சூட்டுல நீ காலு மாத்தி நிக்கிதியோ,
எந்தோளு காலியாத் தெருவெல்லாம் போகுதடி...”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாவுவீட்டில் அப்படித்தானே செய்வது. பிறகு, முறைப்படி இழுக்க வேண்டிய மிச்சத்தையும் இழுத்து முடித்தார். மணி அழுகிறது என்பதற்காக ஆராதனையைத் தள்ளிவைக்க முடியுமா என்ன?

ஊரில் யாரும் பதறி ஓடிவரவில்லை. தோசைக் கல்லுக்கு முன்னால் நின்ற லில்லிபாய், தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “யாரு வீட்டுலட்டி?” என்று மகளிடம் கேட்டாள். கோபுரத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும், “அப்போ நம்ம கெத்சியா பிள்ளைக்குத்தான். அவதான் அதத் தோளுலயே வச்சுக்கிட்டு அலைவா” என்றாள். மணி எப்படி அழும் என்று அவள் கேட்கவில்லை. யாருக்காக அழுகிறது என்றுதான் கேட்டாள். சாலேம்விளைப் பெண்கள் அப்படித்தான், முக்கியமான கேள்வியை முதலில் கேட்பார்கள். மற்ற கேள்வியைக் கேட்பதற்குத்தான் கமிட்டி இருக்கிறதே.

கமிட்டிக்கு மணி பேசியதைவிட, அது என்ன பேசியது என்பதுதான் பெரிய அவமானம். ஏனென்றால் சாலேம்விளையில் ஒப்பாரி கிடையாது. முதன்முதலாக ஊர் மதம் மாறியபோது வந்த வெள்ளைக்கார ஐயர், பாதிரியாரை அங்கே அப்படித்தான் அழைப்பது, முதல் சாவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, நம்பிக்கையில்லாதவர்கள்தான் இப்படி அழுவார்கள், நாம் அழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கப்படாதிருங்கள் என்பதுதான் வசனம். ‘போல’ என்பதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு முன்னால் இருப்பதை அவர் கப்பலிலேயே மறந்து வைத்துவிட்டார். போகட்டும், அவர் தமிழ் படித்து நாள் அதிகம் ஆகியிருக்காது. தமிழிலேயே பிறந்து தமிழிலேயே தின்று தூங்கிய நம்முடைய ஆட்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்களே, அதைத்தான் சொல்ல வேண்டும். அன்றுமுதல் சாலேம்விளையில் செத்தவர்களை நாலு குரலில் பாமாலை பாடி அனுப்புகிறார்கள், பிணம் எழுந்து உட்கார்ந்து சுருதி சேரவில்லை என்று சொல்லிவிடுமோ என்று பயந்தவர்களைப் போல அவ்வளவு சுத்தமாக. பெண்கள் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரலைப் பாடுகிறார்கள். அது எப்படி முடியும் என்று கேட்காதீர்கள். முடிகிறது.

திர்சாவையும் அப்படித்தான் அனுப்பினார்கள். எட்டு வயது. காய்ச்சல் வந்தது, விட்டது, விட்டதென்று நினைத்தார்கள், மறுபடி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அப்பா ஆசீர் மஸ்கட்டிலிருந்து வந்து, மண் போட்டு, கிடைத்த நாலு நாள் லீவு முடிந்து, போய்விட்டான். மிச்சம் இருந்தது கெத்சியாள்.

கெத்சியாள் என்ற பெயர் வேதத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த ஒரு நல்ல மனிதனுக்கு, சோதனையில் தேறியதற்காக, மறுபடியும் கொடுக்கப்பட்ட பெண்களில் நடுவில் பிறந்தவள். உடைந்த குடத்தைக் கடையில் கொண்டுபோய் மாற்றிக்கொண்டது போல அந்தக் கதையை எல்லாப் பிரசங்கியார்களும் சந்தோஷமாக முடித்துவைப்பார்கள். புதுப்பிள்ளைகளுக்குத் தலைசீவும்போது அந்த அம்மாவின் விரல் பழைய தலைகளைத் தேடியதா என்று ஒரு பிரசங்கியாரும் கேட்டதில்லை. கெத்சியாளுக்கு இந்தக் கேள்வி சின்ன வயதிலிருந்தே உண்டு. இப்போது அது கேள்வியாக இல்லை, அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, ஆளுக்கொரு வசனத்தோடு வந்தார்கள். “கர்த்தர் தன் தோட்டத்துல நல்ல பூவாப் பாத்துத்தான் பறிப்பாரு” என்றாள் ஒருத்தி. அவருக்குத் தோட்டமே இருக்கிறது, எங்கிட்ட இருந்தது ஒரே செடிதானே என்று கெத்சியாள் நினைத்துக்கொண்டாள். “குட்டி தப்பிச்சிட்டா, இந்தப் பாழாப்போன உலகத்துல என்ன இருக்கு?” என்றாள், மாடியில் இன்னொரு மாடி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி. “உனக்கு இன்னும் வயசு இருக்கு” என்று குடத்தை மாற்றிக்கொடுக்கிற வசனத்தை ஒருத்தி சொன்னாள். “உன்ன நேசிக்கதுனாலதான் சோதிக்காரு” என்று வேறொருத்தி சொன்னபோது மட்டும் கெத்சியாள் வாயைத் திறந்தாள்.

“அப்போ வேற யாரையாவது நேசிக்கச் சொல்லுங்க, மைனி.”

அன்று ஊர் முழுக்க அதுதான் பேச்சு. கெத்சியாளுக்கு விசுவாசம் போய்விட்டது என்றார்கள். விசுவாசம் போகவில்லை என்பதுதான் அவளுடைய சிக்கலே. போயிருந்தால் சண்டை போட ஆளே இருந்திருக்காது. அவள் தினமும் காலையில் பின்கட்டுக் குழாயடியில் பாத்திரம் விளக்கும்போது கர்த்தரோடு சண்டை போட்டாள். சாம்பலும் தேங்காய்நாரும் கையுமாக, “கேக்கேன்லா, பதில் சொல்லும்” என்று சட்டியைத் தேய்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. வாயில் முந்தானை இருந்த இடத்தில் இப்போது அடக்கிக்கொள்கிற வழக்கம் குடியிருந்தது. அவள் தொண்டைக்குள் என்னமோ ஒன்று திரண்டு வந்து நிற்கும், மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. பிள்ளைக்காக ஒருநாளாவது வாய்விட்டு அழுதுவிட வேண்டும், அது போதும் என்று இருந்தது அவளுக்கு. அது அவளால் முடியவில்லை. ஊருக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. “ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே! விசுவாச வீராங்கனை!” என்று அடக்க ஆராதனையில் சின்ன ஐயர் மைக்கில் சொல்லியிருந்தார். அவர் வேதாகமக் கல்லூரியிலிருந்து புதிதாக வந்தவர், இஸ்திரி கலையாத அங்கி, நல்ல பையன், யார் எதைச் சொன்னாலும் “அப்படியும் பார்க்கலாம்” என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் மணி அழுதது. அவளால் முடியாததை அது செய்தது.

முதல்நாள் கெத்சியாள் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது சொன்ன தோள் அவளுடையது. அந்தத் தெரு அவளுடையது. மறுநாள் ஆசீர் போன் பண்ணியபோது மாலை மணி அடித்துக்கொண்டிருந்தது. “என்ன சத்தம்?” என்றான். “கோயில்மணிதான், திர்சாவுக்கு அழுதுகிட்டுக் கெடக்கு” என்றாள். “போனைச் சன்னல்ல வையி” என்றான். வைத்தாள். மணி முடிகிறவரைக்கும் அந்தப் பக்கத்தில் ஏசி ஓடுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “சரி, டூட்டிக்கு நேரமாச்சு” என்றான். மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் பண்ணினான்.

கமிட்டி கூடியது. செயலாளர் ஞானசிகாமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஓய்வுநாள் பள்ளிக்கும் அவர்தான் தலைவர். ஊரில் பாதிப்பேரின் காது அவர் விரலுக்குப் பழக்கம். திர்சாவின் காதுக்கு மற்ற காதுகளைவிட அதிகப் பழக்கம். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் மூச்சுமுட்ட நீளநீளமாகச் சொல்லிப் பரிசுக்குக் கரண்டி, டிபன்பாக்ஸ் என்று வாங்கிக்கொண்டிருக்க, திர்சா வாராவாரம் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, வேதத்திலேயே குட்டியான அந்த மூன்று வார்த்தை வசனத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். படிக்காமல் வருகிற பிள்ளைகளுக்கென்றே கடவுள் எழுதிவைத்த வசனம் அது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. “வேற வசனமே தெரியாதாட்டி?” என்று அவர் காதைத் திருகுவார். “இதுவும் வேதத்துலதான சார் இருக்கு?” என்பாள், காது சிவக்க. வகுப்பே சிரிக்கும். அதற்கும் சேர்த்து இன்னும் ஒரு திருகு.

கமிட்டி மணியைப் பற்றி முடிவெடுத்த விதத்தைத் தனிக்கதையாகவே சொல்லலாம். கோவையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் ஏணி வைத்து ஏறி, தட்டிப்பார்த்து, காது வைத்துக்கேட்டு, இறங்கிவந்து, “வார்ப்புல கீறல் இல்லீங்க. ஆனா அழுவுது” என்று, தெரிந்ததையே சான்றிதழ் மாதிரி சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள், இது பொல்லாத ஆவி என்று கோபுரத்தைப் பார்த்துக் கை நீட்டி உபவாசம் இருந்தார்கள். மணி அவர்களுடைய பாஸ்டரின் செத்துப்போன தம்பிக்கு ஒரு கண்ணி பாடியதும் உபவாசத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். சபைகளையெல்லாம் நிர்வகிக்கிற திருமண்டலத்துக்குத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தபடியால் எதிரணி போஸ்டர் ஒட்டியது: ‘மணியை அழவைத்த நிர்வாகமே, பதவி விலகு!’ பக்கத்து ஊர் அம்மன்கோயில் தெருப்பெண்கள் பஸ்ஸேறி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “எங்கூர்ல தொண்டை வத்த நாங்கதான் அழணும். ஒங்களுக்கு மணியே அழுவுது. குடுத்து வச்சவிய” என்று லில்லிபாயிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊர் பழகிவிட்டது. எந்த அதிசயத்துக்கும் ஊர் பழகிவிடும், எந்த அநியாயத்துக்கும் பழகுவதைப் போலவே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒப்பாரிக்கு ஏற்றபடி கயிறு தாண்டினார்கள். டவுன் பஸ் கண்டக்டர், “மணி அழுறதுக்குள்ள ஏறுங்க” என்று அவசரப்படுத்தினார். திர்சாவுக்கு அழுது முடித்த மணி, பழைய பாக்கிகளை எடுக்க ஆரம்பித்திருந்தது: கிணற்றில் விழுந்த பிள்ளை, பனையிலிருந்து விழுந்த புருஷன், பிறந்து பெயர் வைக்கும் முன் போனது, தண்டவாளத்தில் போய்ப் படுத்தது, எதற்கெல்லாம் ஊர் நாலு குரலில் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதோ அத்தனைக்கும். இன்றைக்கு யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. மணியடிக்கிற நேரத்தில் பெண்கள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். தன்வீட்டு ஆளாக இருந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வாள். இல்லாவிட்டால் உள்ளே போய்க் குழம்பைக் கிண்டுவாள்.

ஒரு சாயங்காலம் மணி இப்படிப் பாடியது:

“அவிச்ச முட்டையில பாதியக் கடிச்சுவச்சு,
மீதிய வந்து திங்கேன் மாமான்னு போனவளே,
மீதி முட்டைய நான் யாருக்குக் குடுக்கட்டும்...”

ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது, யாருக்கும் பிடிபடவில்லை. ஞானசிகாமணிக்கு மட்டும் பிடிபட்டது. வாலிபத்தில் அவருக்கு ஒரு முதல் மனைவி இருந்தாள், சலோமி என்று பெயர். பிள்ளைப்பேற்றுக்குப் போகிற அன்று அவசரத்தில் அப்படிப் பாதி முட்டையை வைத்துவிட்டு வண்டியேறினாள். திரும்பிவரவில்லை. அடக்கத்தில் தொண்டை கம்மாமல் ஆண்களின் மேல்குரலான டெனர் பாடினார் என்று அப்போது அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. அந்த முட்டையைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை, இரண்டாம் மனைவியிடம்கூட. அன்று சாயங்காலம் கோபுரத்தடியில் அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ரொம்பநேரம் நின்றதைப் பொன்னுத்துரை பார்த்தார். பிறகு திரும்பி, “சாக்கு கொண்டுவால” என்றார்.

“சாக்கா? என்னத்துக்குய்யா?”

“நாக்குல கெட்டு!”

பொன்னுத்துரை ஏறி, மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றிக் கட்டினார். மறுநாள் இழுத்தபோது மணி பாடவில்லை. ஆனால் விம்மியது. வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு, மூச்சுக்குத் திணறி, உள்ளுக்குள்ளேயே இழுத்து இழுத்து. அந்தச் சத்தம் சாலேம்விளைப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் தெரியும். தங்கள் தொண்டையிலிருந்து வருகிற சத்தத்தை அன்றுதான் அவர்கள் வெளியிலிருந்து கேட்டார்கள். லில்லிபாய் கோயில் வாசலில் நின்று கத்தினாள்: “பாடுனாக்கூடப் பொறுத்துக்கலாம், அண்ணாச்சி! இதக் கேக்க முடியல. அத அவுத்து விடுங்க!”

அவிழ்க்கவில்லை. மணியை இழுக்கவே வேண்டாம் என்று உத்தரவாயிற்று. பதிலுக்கு ஒலிபெருக்கியில் மணிச்சத்தம் போட்டார்கள், யாரோ இளைஞர் போனில் இறக்கிக் கொடுத்தது. டிங் டாங் என்று கணீரென அடித்துவிட்டு, கடைசியில் “மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணிக்கோங்க” என்றது. இரண்டு ஞாயிறு ஊர் அந்த அழைப்பை ஏற்று ஆராதனைக்கு வந்தது. அதற்குள் யாரும் இழுக்காமலே மணி கோபுரத்துக்குள் தானாக விம்ம ஆரம்பித்தது.

அப்போதுதான் கமிட்டிக்கு ஞானம் பிறந்தது: இது கெத்சியாளால் வந்த வினை. அவள் பிள்ளைக்குத்தானே முதலில் அழுதது? அவள் மனம் ஆறாததால்தான் மணிக்கும் ஆறவில்லை. ஆகவே அவளை ஆற்றிவிட்டால் போதும். ஆற்றுவதற்கு அவர்களிடம் வழி இருந்தது: சாட்சி. கஷ்டத்திலிருந்து தேறியவர்கள் சபைக்கு முன்னால் எழுந்து கர்த்தர் என்னைத் தேற்றினார் என்று சொல்வது. தேறியபிறகு சொல்வதுதான் முறை; சொல்லவைத்துத் தேற்றிவிடுவது என்பது கமிட்டியின் கண்டுபிடிப்பு. அசனப் பண்டிகை வருகிறது. ஊரெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்கிற நாள். பிஷப்பின் ஆள் வேறு வருகிறார். அதற்குள் மணி வாயை மூட வேண்டும்.

ஞானசிகாமணியும் சின்ன ஐயரும் அவள் வீட்டுக்குப் போனார்கள்.

“ஒண்ணும் பெருசாச் சொல்லவேண்டாம்மா. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம். அவ்வளவுதான். சொல்லிட்டு உட்கார்ந்துரு” என்றார் ஞானசிகாமணி.

“ஆறலையே சார்.”

“சொல்லச் சொல்ல ஆறிரும்.”

“இட்லியா சார்?”

சின்ன ஐயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார். ஞானசிகாமணி சிரிக்கவில்லை. “இங்க பாரும்மா. ஊர் நாறுது ஒன்னால. நீ சாட்சி சொல்லலன்னா, சபை ஒழுங்குக்குக் கட்டுப்படலன்னு எழுதவேண்டி வரும். திர்சா குழிக்குச் சிலுவை போடணும்னு கேட்டிருக்கல்ல? கமிட்டி அனுமதி குடுக்கணும்லா?”

கெத்சியாள் சின்ன ஐயரைப் பார்த்தாள். அவர், “அப்படியும்...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தரையைப் பார்த்தார்.

“சரி சார்” என்றாள் கெத்சியாள். “சொல்லுதேன்.”

அசனத்தன்று காலையிலேயே கோயிலுக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்தன. ஆளிறங்கிக் குளிக்கலாம்போன்ற அண்டாக்களில் சோறு கொதித்தது. ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் மசாலாவும் சேர்ந்த வாசம் சன்னல் வழியே வந்து ஜெபத்தைவிட வேகமாக எல்லாருக்குள்ளும் இறங்கியது. மேலே சாக்குக் கட்டின மணி விம்மிக்கொண்டிருந்தது. பாடல்குழு அதைவிடச் சத்தமாகப் பாடி அதை அமுக்கப் பார்த்தது. பிறகு சின்ன ஐயர் எழுந்து, “சகோதரி கெத்சியாள் இப்போது சாட்சி பகருவார்கள்” என்றார், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

அவள் வெள்ளைச் சேலையில் போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். சொல்லித்தந்த வாக்கியம் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள். திரண்டு நிற்கிற அது குறுக்கே வந்து நின்றது. மைக் இரைந்தது. வலதுபக்கத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடைவெளி இருந்தது. யாரும் சொல்லி விட்டதில்லை அது. பிள்ளைகள் தாங்களாகவே தள்ளி உட்கார்ந்து பழகியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே கெத்சியாள் கையைக் கட்டிக்கொண்டாள். திர்சா கட்டுவது போலவே. பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்களே, அந்த ராகத்திலேயே சொன்னாள்:

“யோவான் பதினொண்ணு, முப்பத்தஞ்சு. இயேசு கண்ணீர் விட்டார்.”

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பழக்கதோஷம், அந்த வசனத்துக்குச் சிரித்தே பழகியிருந்தார்கள். ஞானசிகாமணியின் கை, தன்னை அறியாமலே, பக்கத்தில் திருகுவதற்குக் காது இருக்கிறதா என்று தேடியது.

“எம்பிள்ளைக்கு இந்த ஒரு வசனந்தான் தெரியும்” என்றாள் கெத்சியாள். “நான்கூட அடிச்சிருக்கேன், படிக்காமப் போறாளேன்னு. இப்பத்தான் தெரியுது, அதுலயே எல்லாம் இருந்திருக்கு. செத்துப்போன சிநேகிதன எழுப்பத்தான் அவரு அந்த ஊருக்கு வந்தாரு. எழுப்பிருவோம்னு தெரியும். கொஞ்ச நேரத்துல அவன் நடந்து வரப்போறான், எல்லாரும் சிரிக்கப்போறாங்க, தெரியும். தெரிஞ்சும் அழுதாரு. அவரே அழுதாருன்னா, நம்மள அழக்கூடாதுன்னு சொன்னது யாரு?”

ஞானசிகாமணி எழுந்துவிட்டார். வேதவசனம் என்று வந்துவிட்டால் அவரால் உட்கார முடியாது. “பாதிய விட்டுட்டுப் பேசாத! அதுக்கு முன்னாடி செத்தவனோட சகோதரி மார்த்தாள்கிட்ட என்ன சொன்னாரு? உன் சகோதரன் எழுந்திருப்பான்னு ஆறுதல் வார்த்தை சொல்லலையா?”

“மார்த்தாள் கேள்வி கேட்டா. பதில் சொன்னாரு” என்றாள் கெத்சியாள். “அவ தங்கச்சி மரியாள் கால்ல விழுந்து அழுதா. அவகிட்ட வசனம் சொல்லல சார், கூட அழுதாரு. யாரு கேக்கா, யாரு அழுதான்னு அவருக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட வந்தவங்க எல்லாரும் பதிலோட வந்தீங்க. நான் ஒங்ககிட்ட ஒரு கேள்வியும் கேக்கலையே சார்?”

சின்ன ஐயர் அங்கி முனையால் கண்ணைத் துடைத்தார். அப்படியும் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

கெத்சியாள் மைக்கை விட்டாள். பலிபீடத்துக்கு முன்னால், படியில், கால்நீட்டி உட்கார்ந்தாள், சாவுவீட்டில் உட்காருகிற மாதிரி. தொண்டையில் நின்றது அசைந்தது.

“ஏ... காது சிவந்தவளே, மூணு சொல்லுல படிச்சவளே,
நீ சொன்ன மூணு சொல்ல நான் முன்னமே கேட்டிருந்தா...”

முதலில் லில்லிபாய் எழுந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டாள். தன் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள், அந்தக் கதை இங்கே வேண்டாம். பிறகு கிணற்றுக்காரி, பனைக்காரி, பெயர் வைக்காத பிள்ளையின் அம்மா, மாடியில் மாடி எடுத்தவள்கூட, அவளுக்கும் என்னமோ இருந்திருக்கிறது பாருங்கள், எல்லாரும் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். எப்படி அழுவது என்று யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. ராகம் இத்தனை நாளும் மேலே தொங்கிக்கொண்டுதானே இருந்தது. அவர்கள் அழுத அழுகையில் ஆல்ட்டோவும் இல்லை, சொப்ரானோவும் இல்லை. ஆண்கள் பக்கத்தில் கைத்தடி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. “மீதிய நான் நாயிக்குப் போட்டுட்டேனே, சலோமி” என்று ஒரு கிழட்டுக்குரல், ஒருகாலத்தில் நல்ல டெனர், உடைந்தது. அவர் இரண்டாம் மனைவி எழுந்து ஆண்கள் பக்கத்துக்கே போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் அந்தக் கோயிலில் வழக்கமில்லை.

பின்னால் அண்டாவைக் கிண்ட வேண்டியவர்களும் சன்னலில் நின்று அழுதுகொண்டிருந்தபடியால் அந்த வருஷ அசனத்தில் சோறு குழைந்து, கறி அடிபிடித்துவிட்டது. பிஷப்பின் ஆள் இரண்டாம்முறை கேட்டு வாங்கித் தின்றார்.

பந்தி முடிந்தபிறகுதான் மணி சத்தமில்லாமல் இருப்பதைப் பொன்னுத்துரை கவனித்தார். ஏறிச் சாக்கை அவிழ்த்தார். இறங்கிவந்து, பயந்து பயந்து கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

டாண் என்றது.

அதற்கப்புறம் அது வேறெதுவும் பேசியதில்லை. பேசவேண்டியதை மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டால் மணிக்கு என்ன வேலை? மணியைக் குணமாக்கியது தாங்கள்தான் என்று இரண்டு அணியும் போஸ்டர் ஒட்டின. கமிட்டி கூடி, துக்கவீடுகளில் அழுவதற்கு, முன் அனுமதியோடும் மிதமான சத்தத்தோடும், இனி ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் போட்டது. அனுமதி கேட்டு இதுவரை யாரும் போனதில்லை. திர்சாவின் குழிக்குச் சிலுவை வந்தது. அதில் வழக்கமாகப் போடுகிற நீளமான வசனம் இல்லை, மூன்றே வார்த்தை. ஞானசிகாமணிதான் கொத்தனார் பக்கத்தில் நின்று, எழுத்து நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அசனத்துக்கு மறுநாள் காலையில் கெத்சியாள் வழக்கம்போல் குழாயடியில் சட்டியும் சாம்பலுமாக உட்கார்ந்து, வழக்கம்போல் ஆரம்பித்தாள். “ஒம்ம தோட்டத்துல பூவா இல்ல? கேக்கேன்லா?” கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. தடையில்லாமல் வந்தது. தேய்த்த சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்சம் தணிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, கர்த்தரோடு பாதியில் விட்ட சண்டையைத் தொடர வாயைத் திறந்தவள், என்ன தோன்றியதோ, நிறுத்தினாள், குழாயை அடைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து கூட அழுகிறவர் இன்னும் அழுது முடிக்காதபோது நாம் பேச ஆரம்பிப்பது மரியாதை இல்லையே என்று, அவர் முடிக்கட்டும் என்று, காத்திருந்தாள்.